வீல் ஸ்டட் போச்சா? வீட்லயே மாத்தலாமா, மெக்கானிக்கிட்ட போகணுமா?

புதுச்சேரி உப்பளத்துக்குப் பேர்லயே உப்பு இருக்கு. கடல் பக்கத்துலயே இருக்கறதால, உப்புக்காத்து கார் நட்டுல சீக்கிரமே துரு ஏத்திடும். துருப்பிடிச்ச நட்டை முரட்டுத்தனமா திருப்பினா ஸ்டட்டோட மரை போயிடும், இல்ல முறிஞ்சே போயிடும்.

"மிச்சம் மூணு இருக்கே, அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடாதீங்க. நாலு ஸ்டட்ல ஒண்ணு போனா கால்வாசி பிடிப்பு போச்சு. அந்தச் சுமை மத்த மூணு மேல ஏறும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது. சாதாரண பாலிசியில தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் கவர் கிடையாது.

செலவு எங்க இருக்கு?

ஸ்டட், நட்டு ரெண்டும் மலிவுதான். காசு போறது கூலியிலயும் டூல்ஸ்லயும். ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் 2,000 ரூபாய் சுமாருக்கு வரும். ஒரே ஒரு ஸ்டட்டுக்காக வாங்கினா நஷ்டம். நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா லாபம்.

முதல்ல இதைப் பாருங்க

ஸ்டட்டை ஹப்புக்குப் பின்பக்கமாத்தான் வெளிய எடுக்கணும். அங்க இடம் இருந்தா வீட்லயே முடியும். இடம் இல்லன்னா ஹப்பையே கழட்டணும், பேரிங்கையும் பிரஸ்ல போடவேண்டி வரலாம். அது மெக்கானிக் வேலை, யோசிக்காம கொடுத்துடுங்க. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்ல ஸ்டட்டே கிடையாது, போல்ட்தான். அதனால பார்ட் வாங்கும்முன்ன உங்க மாடலைச் சொல்லிக் கேளுங்க.

செய்முறை (டிஸ்க் பிரேக்)

1. சமதரையில நிறுத்தி, மத்த சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. ஜாக்கை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டும் வேணும்.
2. சக்கரம், காலிப்பர், டிஸ்க்கைக் கழட்டுங்க. காலிப்பரை ஹோஸ்ல தொங்கவிடாம கம்பியில கட்டுங்க.
3. இடம் இருக்கற பக்கம் ஹப்பைத் திருப்பி, பழைய ஸ்டட்டைச் சுத்தியால தட்டி எடுங்க. ஓங்கி அடிச்சா பேரிங் போயிடும்.
4. புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைங்க. முன்னால ரெண்டு, மூணு வாஷர் போட்டு, பழைய நட்டைத் தலைகீழா வெச்சு இறுக்குங்க. ஸ்டட்டோட தலை ஹப்புல முழுசா ஒட்டற வரைக்கும் இழுக்கணும்.
5. எல்லாத்தையும் திரும்ப மாட்டி, நட்டை முதல்ல கையாலயே ஏத்துங்க. அப்புறம் எதிரெதிரா, மேனுவல்ல இருக்கற அளவுக்கு இறுக்குங்க. மரையில கிரீஸ் வேண்டாம், அளவுக்கு மேல இறுகிடும்.

சுமார் 80 கிலோமீட்டர் ஓடினதும் டார்க்கை மறுபடி செக் பண்ணுங்க.

பின்னால இடமும், கையில டூல்ஸும், ஒரு ஞாயித்துக்கிழமையும் இருந்தா நீங்களே செய்யலாம். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் கூலி கொடுத்துடுங்க. அது வீண்செலவு இல்ல, உங்க உயிருக்கான பிரீமியம்.