வேட்டைத் துப்பாக்கியும் அதற்கேற்ற தோட்டாவும்

1907ஆம் ஆண்டிலே, இமயமலைச் சாரலிலுள்ள குமாவூன் பிரதேசத்தில், சம்பாவத் என்னும் ஊருக்கு அண்மையில், ஜிம் கோர்பெற் என்னும் வேட்டைக்காரர் ஒரு பெண்புலியைக் கொன்றார். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 மனிதரைக் கொன்றதெனக் கணக்கிடப்பட்ட புலி அது. இறந்து கிடந்த அதன் வாயை ஆராய்ந்தபோது, வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியளவிலும் கீழ்க்கோரைப்பல் எலும்புவரையிலும் முறிந்திருக்கக் கண்டார். என்றோ யாரோ சுட்ட சூடு உயிர்நிலை தப்பிப் பல்லை உடைத்துச் சென்றிருந்தது. இயல்பான இரையைக் கொல்ல இயலாத நிலையிலேதான் அவ்விலங்கு மனிதரை நாடிற்று என்பது கோர்பெற் கண்ட முடிபு.

பெரும்பாலான வேட்டைகளில் தவறிய சூட்டின் பயனை அனுபவிப்பது ஊரன்று, விலங்கே. வயிற்றிலோ காலிலோ காயமுற்ற மான் பற்றைக்குள் மறைந்து பல நாள் துன்புற்று மடிகின்றது. ஆகவே சட்டம் வேட்டைக்கு இடமளிக்கும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், கடையிலே துப்பாக்கியும் கடையிலே தோட்டாவும் வாங்கி மான் வேட்டைக்குப் புறப்படும் ஒருவர், "எந்தத் துப்பாக்கி குறி தவறாது சுடும்?" என்று வினவுவது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஆனால் அக்கேள்வி பாதிக் கேள்வியே. குறிநுட்பம் என்பது துப்பாக்கிக்கு மட்டும் உரிய குணமன்று. துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்த இணைக்கு உரிய குணம். இந்தக் குழலுக்கு இந்தத் தோட்டா பொருந்துமா என்பதே முழுக் கேள்வி.

இதனை விளங்கிக்கொள்ளக் குழலின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். றைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலுள்ளே சுருளாகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடியே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போலச் சுழலும் குண்டும் தன் முனையை முன்னோக்கி வைத்துக்கொண்டு பறக்கும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்குடைய குழலிலிருந்து நொடிக்கு 2,800 அடி வேகத்தில் வெளிப்படும் குண்டு, நொடிக்கு 3,360 முறை சுழல்கின்றது. எவ்வளவு சுழற்சி வேண்டுமென்பதைத் தீர்மானிப்பதிலே குண்டின் நிறையைவிட அதன் நீளமே முதன்மையானது. நீண்ட குண்டுக்கு விரைந்த சுழற்சி வேண்டும். பிரித்தானியக் கணித அறிஞர் ஜோர்ஜ் கிறீன்ஹில் 1879ஆம் ஆண்டிலே இதனை ஓர் எளிய சூத்திரமாக்கித் தந்தார்.

சூத்திரம் பிறக்குமுன்னரே அனுபவசாலிகள் இதனை அறிந்திருந்தனர். 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் தமக்கெனச் செய்வித்த யானைத் துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. அதன் 36 அங்குலக் குழலில் இரண்டே தவாளிப்புகள். குழலின் முழு நீளத்துக்கும் ஒரே சுற்று. அதற்கென வார்த்த, இடுப்பிலே பட்டி போன்ற விளிம்புடைய கனத்த குண்டுக்கு அம்முறுக்கே போதுமானதாயிருந்தது. குண்டையும் குழலையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்வித்த அவருக்கு நம் கேள்வி எழவே இடமில்லை. கடையில் விற்கும் தோட்டாவை நம்பியிருப்பவருக்கோ அது எழுந்தே தீரும்.

அது எப்படி எழுந்தது என்பதற்கு அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டிலே இரண்டு பெரும் நிறுவனங்கள் ஒரே விட்டமுள்ள குண்டுக்கு இரு வேறு தோட்டாக்களை வெளியிட்டன. ஒன்று .243 வின்செஸ்டர், மற்றையது.244 றெமிங்டன். பெயரிலே எண் வேறுபட்டாலும் குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றே. வேகத்தை நோக்கின் றெமிங்டன் தோட்டா ஒரு சிறிது மேலானதென்றுங் கூறலாம். ஆயினும் வின்செஸ்டர் தன் குழலுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கைக் கொடுத்தது. றெமிங்டன் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுடன் அமைந்தது. பண்ணை நிலங்களைக் கெடுக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதே அந்நிறுவனத்தார் கருத்தில் முதன்மை பெற்றிருந்தது. அதற்கு 75 கிறெயின், 90 கிறெயின் நிறையுள்ள குட்டைக் குண்டுகள் போதும். அவற்றுக்கு அந்த முறுக்கும் போதும்.

வாங்குவோர் கருத்து வேறாயிருந்தது. சிறு விலங்குக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்று அவர்கள் விரும்பினர். மானுக்கு 100 கிறெயின் குண்டு வேண்டுமென்றும் கருதினர். வின்செஸ்டர் 80 கிறெயினிலும் 100 கிறெயினிலும் தோட்டா விற்றது. றெமிங்டன் குழலிலோ நீண்ட 100 கிறெயின் குண்டு நிலைபெற்றுப் பறக்குமென்று உறுதி கூற முடியாதிருந்தது. உண்மையில் மானைக் கொல்ல 90 கிறெயின் குண்டுக்கும் 100 கிறெயின் குண்டுக்கும் பெரிய வேற்றுமையில்லை என்பதே என் எண்ணம். ஆனால் சந்தை அவ்வாறு எண்ணவில்லை. .243 பெருவழக்குப் பெற்றது; .244 தேய்ந்தது. றெமிங்டன் நிறுவனம் முறுக்கை 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கி, 1963இல் அத்தோட்டாவுக்கே 6 மில்லிமீற்றர் றெமிங்டன் என்று புதுப்பெயர் சூட்டியும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. தோட்டாவின் வடிவத்திலே எந்த மாற்றமும் இல்லை. குழலின் முறுக்கும் பெயருமே மாறின.

இதில் இன்றைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய .244 துப்பாக்கியை வாங்குபவர், புதிய பெட்டியிலுள்ள 100 கிறெயின் தோட்டாவை அதில் இட்டால் அது தடையின்றி உள்ளே செல்லும், வெடிக்கவுஞ் செய்யும், குறி மட்டும் நிலைக்காமற் போகக்கூடும். காகித இலக்கிலே வட்டத் துளைகளுக்குப் பதிலாக நீள்துளைகள் காணப்பட்டால், குண்டு பக்கவாட்டிற் சாய்ந்து பறக்கின்றதென்பது பொருள். முறுக்கை முன்னதாகவே அறிந்துகொள்வது எளிது. வெறுமையான குழலுக்குள், நுனியிலே இறுக்கமாகத் துணி சுற்றிய, தானே சுழலவல்ல துப்புரவுக் கம்பியைச் செலுத்தி, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை அங்குலம் உட்செல்கின்றதென அளந்தாற் போதும்.

தொழிற்சாலைத் தோட்டாவுக்கு இன்னுமொரு கட்டுப்பாடு உண்டு. அது ஒரு குறித்த துப்பாக்கிக்காகச் செய்யப்படுவதன்று. அதே பெயருடைய துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் தங்குதடையின்றிப் புகவேண்டும். அமெரிக்காவிலே இதற்கான அளவுகளை வகுக்கும் உற்பத்தியாளர் அமைப்பு 1926இல் நிறுவப்பட்டது. தம் கையாலேயே மருந்தும் குண்டும் நிறைத்துக்கொள்பவர், தமது குழலுக்கென்று குண்டை முன்னே தள்ளியோ பின்னே தள்ளியோ பொருத்தலாம். கடைத்தோட்டா வாங்குபவருக்கு அவ்வசதி இல்லை. அவர் செய்யக்கூடியது, வெவ்வேறு நிறுவனங்களின் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கித் தம் துப்பாக்கியிற் சுட்டுப் பார்ப்பதே. ஒரே மேசையில் ஒரே நாளில் வந்த இரு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை விரும்புவதில்லை. ஆதலால் 1906இல் தோன்றிய .30-06, 1952இல் வந்த .308 போன்ற, பலரும் பயன்படுத்துகின்ற அளவுகளைத் தேர்வதில் நன்மையுண்டு. கடைத்தட்டில் நாற்பது வகை இருந்தால் நம் துப்பாக்கிக்குப் பொருந்துவது அவற்றுள் ஒன்றாயினும் இருக்கும்.

எவ்வளவு நுட்பம் வேண்டும்? ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்பர். 100 யார் தூரத்தில், அதாவது ஏறத்தாழ 91 மீற்றரில், ஒரு கலை 1.047 அங்குலமாக விரியும். விளம்பரங்கள் இந்த ஒரு கலையையே வேதவாக்காகக் கூறுகின்றன. மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 8 அங்குல அகலமுள்ளது. 100 யாரில் முழந்தாளிட்டுச் சுடும் ஒருவருடைய கை நடுக்கத்தால் மட்டும் குண்டுகள் 4 அங்குலம் சிதறுமென வைத்துக்கொள்வோம். இவ்வகைத் தவறுகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகவே கூடும். துப்பாக்கியின் சிதறல் 1 அங்குலமாயின் மொத்தம் 4.1 அங்குலம், 2 அங்குலமாயின் 4.5 அங்குலம். இரண்டுக்குமிடையே அரை அங்குலங்கூட இல்லை. விலையுயர்ந்த குழலுக்குக் கொடுக்கும் பணத்தைப் பயிற்சித் தோட்டாவுக்குச் செலவிடுவது மேலென்று நான் கருதுவது இதனாலேயே.

விளம்பரத்து இலக்கிலே மூன்று துளைகளே இருப்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். மும்மூன்று குண்டுகளாகச் சுட்டுச் சராசரி 1 அங்குலச் சிதறல் காட்டும் துப்பாக்கி, ஐந்தைந்தாகச் சுட்டால் ஏறத்தாழ 1.3 அங்குலமும், பத்துப்பத்தாகச் சுட்டால் 1.6 அங்குலமும் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, கணக்கின் இயல்பு அது. பல மூன்றுகளுள் மிகச் சிறியதைத் தெரிந்து படம் பிடித்தால் எந்தத் துப்பாக்கியும் அழகாகவே தோன்றும்.

மற்றைய உறுப்புகளைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. விசை இழுக்கும்போது நறநறவென்று தயங்காமல் விடுபடவேண்டும். மரப்பிடங்கு ஈரத்தில் ஊதிக் குழலை ஒரு பக்கமாக நெருக்குவதுண்டு. ஆதலாற் குழலுக்கும் பிடங்குக்குமிடையே ஒரு தாள் தடையின்றி நுழையும் இடைவெளி இருப்பது நன்று. வேட்டையிலே முதற்குண்டு குளிர்ந்த குழலிலிருந்தே செல்கின்றது. எனவே சூடேறிய குழலின் ஐந்தாவது குண்டைவிட, நாளுக்கொன்றாகச் சுட்ட ஐந்து முதற்குண்டுகள் எங்கே பட்டன என்பதே வேட்டைக்காரர் அறியவேண்டியது.

1955ஆம் ஆண்டின் சிக்கல் இப்போது வேறு வேடத்தில் மீண்டுள்ளது. ஈயம் சிதறிக் கிடக்கும் இறைச்சியை உண்ணும் கழுகுகள் நஞ்சேறி மடிவதைக் கண்டு, கலிபோர்னியா மாநிலம் 2019ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாம் திகதி தொடக்கம் வேட்டையில் ஈயக்குண்டை முற்றாகத் தடைசெய்தது. அதற்கு மாற்றாக வந்தது செப்புக்குண்டு. செம்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.34 கிராம். ஒரே நிறையும் ஒரே விட்டமும் உடைய செப்புக்குண்டு, ஆகவே, நீண்டதாயிருக்கும்; நீண்ட குண்டுக்கு விரைந்த முறுக்கு வேண்டும். ஈயக்குண்டை நன்றாகச் சுட்ட பழைய குழல், அதே நிறையுள்ள செப்புக்குண்டுக்கு இசையாதிருக்கலாம். அத்தகைய குழலையுடையவர் நிறையிலே ஒரு படி இறங்கிய செப்புக்குண்டைத் தேர்வது வழக்கம். பொருந்திய தோட்டா ஒன்று கிடைத்ததும், பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பெட்டிகளைப் பருவத்துக்குப் போதுமானவரை அன்றே வாங்கி வைப்பர். அடுத்த தொகுதியில் மருந்து ஒரு சிறிது வேறுபட்டிருக்கக்கூடுமாதலால், அதனை மறுபடியும் இலக்கிலே சுட்டுப் பார்த்த பின்னரே காட்டுக்கு எடுத்துச் செல்வர்.