வேர் நீளும் கணக்கு

முளைவிட்ட பயற்றை ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாள் பிரித்துப் பார்க்கிறவர்கள், வேர் ஓரங்குலம் நீண்டிருக்கக் கண்டு வியப்பார்களேயன்றி, அந்த ஓரங்குலம் வேரின் எந்த ஸ்தானத்தில் வந்து சேர்ந்தது என்று வினவுவோர் அரியர். கொத்தனார் சுவரின்மேல் செங்கல் அடுக்குவதுபோல் நுனியில் மட்டும் புதிதாகச் சேர்கிறதா, அல்லது ரப்பர்க் கயிறுபோல் முழுவதும் ஒரே சீராக இழுபடுகிறதா? இரண்டும் அல்ல.

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டனில் பாதிரியாராயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், கால் அங்குல இடைவெளியில் ஊசிகளைப் பதித்து, ஈயச் செந்தூரம் தோய்த்து, திராட்சைக் கொடியின் இளந்தண்டிலும் அத்தியின் பிஞ்சிலையிலும் புள்ளிகள் குத்தி, அவை நாளடைவில் எவ்வாறு விலகின என்பதை 1727-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஜெர்மானியரான ஜூலியஸ் ஸாக்ஸ் அவரையினத்து வேரில் மையால் கோடுகள் இட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு துண்டும் முதலில் மந்தமாகவும், பிறகு விரைந்தும், இறுதியில் மறுபடியும் மந்தமாகவும் நீண்டு அடங்குவது புலனாயிற்று.

இந்தப் புள்ளிகளின் பிரயாணத்துக்குத் தக்க கணித உருவம் தந்தவர்கள், 1956-இல் மக்காச்சோள வேரை ஆராய்ந்த எரிக்ஸனும் ஸாக்ஸும் ஆவர் (இந்த ஸாக்ஸ் வேறு, பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டாம்). புள்ளி நுனியைவிட்டு விலகும் வேகத்தை அருகருகான இரண்டு இடங்களில் அளந்து, அந்த வேக வித்தியாசத்தை இடைத்தொலைவால் வகுத்தால், அவ்விடத்துத் துண்டு தன் நீளத்தில் எத்தனை பங்கு வளர்கிறது என்பது கிடைக்கும். வேர் நீள்வதெல்லாம் நுனியையடுத்த சுமார் 10 மில்லிமீட்டருக்குள்தான். அதிலும் 4 மில்லிமீட்டர் அளவில் அது உச்சத்தை எட்டி, மணிக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்ற விகிதத்தில் இருக்கிறது. இது கூட்டுவட்டிக் கணக்கு; அந்த வட்டி நீடித்தால் ஒரு துண்டு இரண்டு மணி நேரத்துக்குள் இருமடங்காகிவிடும். ஆனால், தனக்கும் நுனிக்கும் இடையிலுள்ளவை நீள நீள, அத்துண்டு பின்தள்ளப்பட்டு, வட்டி குறைந்த வட்டாரத்தை அடைந்து, முடிவில் வட்டியே இல்லாத முதிர்ந்த பகுதியில் சேர்ந்துவிடுகிறது.

ஆதலால் வளரும் வேரை அருவிக்கு ஒப்பிடுவதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அருவியின் வடிவம் காலையில் கண்டபடியே மாலையிலும் நிற்க, அதனூடே பாயும் நீர் மட்டும் கணந்தோறும் வேறாவதுபோல், நுனியிலிருந்து இத்தனை மில்லிமீட்டரில் வளர்ச்சி இவ்வளவு என்னும் ஒழுங்கு மாறாதிருக்க, அதைக் கடந்து செல்லும் உயிரணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. திரவங்களின் ஓட்டத்துக்கென்று வகுத்த சமன்பாடுகள் திடமான வேருக்கும் செல்லுபடியாவது இதனாலேதான்.

உயிரணு ஏன் நீள்கிறது என்பதற்கு லாக்ஹார்ட் 1965-இல் ஒரு சூத்திரம் தந்தார். அணுவினுள் நீர் புகுந்து சுவரை அழுத்துகிறது. அவ்வழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினாலன்றிச் சுவர் இளகி நீள்வதில்லை. தாண்டிய மிகுதியைச் சுவரின் இளகுதன்மையால் பெருக்க வருவதே வளர்ச்சி வேகம். நீர் குறைந்து அழுத்தம் அவ்வரம்புக்குக் கீழிறங்கினால், இலை துவளாமல் நிமிர்ந்து நிற்கும்போதே அதன் வளர்ச்சி நின்றுபோயிருக்கும்.