கோவில் முற்றத்தில் நின்ற தாய்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு. எழுந்தேற்ற மணி ஒலித்ததும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். "பிள்ளை வளர்த்த இலட்சணம்" என்ற முணுமுணுப்பு எழுந்தது. திருப்பலி முடிந்தபின் நாமும், "அவனை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றோம். "சரிங்க சாமி" என்றார் அத்தாய். அதன்பின் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றே அவர் பூசை கண்டார். நாளடைவில் வருவதையே நிறுத்திவிட்டார்.

அச்சிறுவனுக்கு இருந்தது பிடிவாதமன்று, ஆட்டிசம் என்பதைப் பின்னரே அறிந்தோம். 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். இது சாபமன்று, பெற்றோரின் வளர்ப்புக் குறையுமன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடே. நமக்குச் சாதாரணமான மணியோசை இத்தகைய பிள்ளைகள் சிலருக்குத் தாங்கொணா வேதனையாகும்.

பண்பொழியில் வாழும் நாம் வழிகாட்டியைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்விழந்த திரு. இராமகிருஷ்ணன், 1981-இல் அண்மையிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர் சிற்றூர்களின் இல்லங்களுக்கே சென்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு இளம் பருவத்திலேயே பயிற்சி அளிக்கின்றனர், பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்கின்றனர்.

பயிற்சி எளியது, பொறுமையே பெரிது. சொல்லால் புரியாததைப் படத்தால் காட்டுங்கள். அன்றாடச் செயல்களை ஒரே ஒழுங்கில் நடத்துங்கள்; மாற்றம் நேருமாயின் முன்கூட்டியே அறிவியுங்கள். பிள்ளை எதில் ஆர்வம் கொள்கிறதோ அதனையே கல்விக்கு வாயிலாக்குங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. எனவே சான்றிதழ் பெறத் தயங்காதீர்கள்.

நாம் அவ்வில்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். திருப்பலியின் பகுதிகளைப் படங்களாக வரைந்து கொடுத்தோம். ஆளில்லாத வேளையில் மணியை அவன் கையிலேயே தந்தோம். மெல்ல அசைத்துப் பார்த்தான். எண்களில் அவனுக்கிருந்த விருப்பத்தைக் கண்டு, பாடல் எண்களைப் பலகையில் மாட்டும் பணியை ஒப்படைத்தோம். பீடச் சிறுவன் ஒருவன் அவனுக்குத் தோழனானான். இன்னும் சில ஞாயிறுகளில் அவன் எழுந்து வெளியே செல்வதுண்டு. ஆனால், அத்தாய் அங்குத் தனியே நிற்பதில்லை. பங்கு மக்களில் ஒருவர் உடன் செல்கிறார்.

குழந்தைகளைத் தடுத்த சீடர்மீது ஆண்டவர் சினங்கொண்டார். அன்று தடுத்தவர் நாமே. உங்கள் பங்கின் முற்றத்தில் எந்தத் தாயேனும் தனித்து நிற்கின்றாரா? வரும் ஞாயிறன்று சற்றுத் திரும்பிப் பாருங்கள்.