வெயிலில் மயங்கினால்…

தண்டவாளம் வெயிலில் நீளும் என்பதால் இணைப்புகளில் இடைவெளி விடுவோம். உடலுக்கு அந்த இடைவெளி வியர்வைதான். அது கைவிட்டால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பேச்சு குழறும், நினைவு தப்பும். நம் அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வெயில் பல உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே, 2013-இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் வகுத்தது.

பணிக்காலத்தில், கோடையில் மயங்கி விழுந்த கேங்மேன் ஒருவர் வாயில் பதற்றத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். புரையேறி மூச்சுத் திணறினார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அன்பர்களே, நினைவிழந்தவருக்கு எதையும் புகட்டாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. குடிக்கத் தண்ணீர், நினைவு நன்றாகத் தெளிந்த பிறகே.