கேம் கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

தோழிகளே, கேம் ஆடும்போது படம் தத்தித் தத்தி ஓடி, அப்புறம் திரையே கறுத்துப் போகுதா? எல்லாரும் "வைரஸ்"னு சொல்வாங்க. பல நேரம் காரணம் சூடுதான்.

படத்தை வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. என் சித்தப்பாவின் கேம் கடையில் உள்ள கார்டு 120 வாட்ஸ் கரண்டு இழுக்கும். அதாவது மூணு பழைய டியூப்லைட்! அவ்வளவும் கடைசியில் சூடாக மாறும். அதை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ள, குட்டி ஃபேன் ஊதித் தள்ளும். தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் காற்று எப்படிப் போகும்? 80 டிகிரிக்கு மேல் ஏற ஏற, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இன்னும் ஏறினால் நின்றே விடும்.

கடையில் கோடை லீவில்தான் வருமானம். அப்போது பார்த்துக் கார்டு நின்றது. ரிப்பேர்காரர் புதுசு வாங்கச் சொன்னார். அதற்குப் பணம் ஏது?

சித்தப்பா ப்ளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டார். நான் காய்ந்த பிரஷால் தட்டினேன். பஞ்சு மாதிரி ஒரு கைப்பிடி தூசி! (ஈரத்துணி கூடவே கூடாது.) சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்துபோயிருந்த பேஸ்டைத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தார். 93 டிகிரி காட்டியது 74க்கு இறங்கிருச்சு. கேபினட்டையும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

பக்கத்துக் கடை மாவு மில். அதனால் மாசம் ஒருமுறை தட்டுவது என் வேலை.