ரத்தத்தில் ஊறியதா, உழைப்பில் வந்ததா?

நம் மாவட்ட அளவில் நடந்த சிலம்பப் போட்டி ஒன்றைப் பார்க்கச் சென்ற மாதம் போயிருந்தேன். 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில், ஒற்றைக் கம்பு வீச்சில் முதலிடம் பெற்றவள் எங்கள் பகுதிக் காலனியைச் சேர்ந்த மாணவி. அவள் சுழற்றிய வேகத்தில் கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் மனதாரக் கைதட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் இது ரத்தத்துலயே ஊறினதுங்க. யாரும் கத்துக்கொடுக்கவே வேணாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண் எப்படிக் கற்றாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

அவளுடைய ஆசான் ஒரு கொத்தனார். காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் 5 மணிக்கே வகுப்பைத் தொடங்கிவிடுவார். இடம், ஏரிக்கரை. பள்ளி மைதானம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளி விட்டதும் பூட்டினால் மறுநாள் மணி அடிக்கும்போதுதான் அதன் கதவு திறக்கும். மழைக்காலத்தில் கரை சேறாகிவிட்டால் ரேஷன் கடை வாசலில் வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது.

முதல் நான்கு மாதம் அவள் கையில் கம்பே தரவில்லை. சாம்பலால் தரையில் கட்டம் போட்டு, காலடி வைக்க மட்டுமே சொல்லிக்கொடுத்தார். முன்னங்கால் எங்கே, பின்னங்கால் எங்கே, உடம்பின் பாரம் எந்தக் காலில், திரும்பும்போது எந்தக் கால் அச்சு என்று அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கால் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகுதான் புருவ உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பு கைக்கு வந்தது. கணுக்காலில் அடி, காதோரத்தில் அடி, உள்ளங்கையில் கொப்புளம். கொப்புளம் காய்ந்து காய்ப்பு ஆனபோதுதான் கம்பு அவள் சொன்னபடி கேட்டது. நாளைக்கு 2 மணி நேரம், ஆண்டுக்குக் குறைந்தது 300 நாள், இப்படி 6 ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் 3,600 மணி நேரம். "ரத்தத்தில் ஊறியது" என்ற ஒரே சொல், இந்த 3,600 மணி நேரத்தையும் இல்லாமல் செய்துவிடுகிறது.

பிறவித் திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கை நீளம், இன்னொன்றுக்குக் கண் வேகம். பயிற்சி எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் சுமார் 10,000 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்றது அது. உழைப்பின் பக்கம் நிற்பவர்கள் இன்றும் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014-ல் வெளிவந்த ஆய்வு, விளையாட்டு வீரர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 18 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சியால் விளக்க முடிகிறது என்றது.

மீதி அத்தனையையும் பிறவியின் கணக்கில் எழுதிவிட முடியுமா? முடியாது. எந்த வயதில் தொடங்கினார், யார் சொல்லிக்கொடுத்தார், என்ன சாப்பிட்டார், அடிபட்டால் ஓய்வெடுக்க முடிந்ததா என்பதெல்லாம் அந்த மீதிக்குள்தான் வருகின்றன. திறமையா, உழைப்பா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் மறந்துவிடுவது இந்த மூன்றாவது பங்கை: வாய்ப்பு.

மகாபாரதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இருட்டில் சாப்பிடும்போதும் கை தவறாமல் வாய்க்குப் போகிறதே என்று யோசித்த அர்ஜுனன், இரவிலும் வில் பழகத் தொடங்குகிறான். நாண் ஓசை கேட்டு எழுந்து வரும் துரோணர் அவனைக் கட்டி அணைக்கிறார். உனக்கு நிகராக இன்னொரு வில்லாளி இருக்க மாட்டான் என்று வாக்குக் கொடுக்கிறார். அதே துரோணர், நிஷாதர் மகன் என்று ஏகலைவனைத் திருப்பி அனுப்புகிறார். அவன் மண்ணில் குருவின் உருவம் செய்து வைத்துத் தானாகவே பழகுகிறான். இருவருக்கும் திறமை இருந்தது. இருவரும் உழைத்தார்கள். ஒருவனுக்கு அணைப்பு கிடைத்தது. இன்னொருவனின் கட்டை விரல் போனது.

இன்று விரலைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, 'பிறவியிலேயே வந்தது' என்கிறார்கள். சேரிப் பிள்ளை கம்பு சுற்றினால், பறை அடித்தால், ஓட்டத்தில் முந்தினால் அது பிறவியில் வந்தது. அதே பிள்ளை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், தகுதி பிறவியில் இல்லை. உடம்புக்கு ஒரு பிறவிக் கணக்கு, மூளைக்கு ஒரு பிறவிக் கணக்கு. இரண்டிலும் அவள் உழைப்புக்கு இடமில்லை. சாதி என்பது அவரவர் இயல்பான திறனைப் பார்த்துச் செய்த வேலைப் பிரிவினை அல்ல என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். பாராட்டு உருவில் வந்தாலும் பிறவிக் கணக்கை நாம் மறுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

போட்டி முடிந்து திரும்பும் வழியில் பெரியவர் சொன்னதை ஆசானிடம் சொன்னேன். சிரித்தார். "தோழர், இந்தப் பொண்ணு நிதானமா கத்துக்கிட்டவதான். இவளுக்கு ரெண்டு மாசம் ஆனதை ஒரே வாரத்துல பிடிச்ச பையன் ஒருத்தன் இருந்தான். எங்க அவன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார்: "பொங்கல் முடிஞ்சதும் அப்பா அம்மாவோட செங்கல் சூளைக்குப் போயிடுவான். மழை வந்தாத்தான் திரும்புவாங்க. அதுக்குள்ள காலடி எல்லாம் மறந்துபோயிருக்கும். மூணு வருஷம் அப்படி வந்து வந்து போனான். நாலாவது வருஷம் வரலை."

அந்தப் பையனுக்குப் பிறவித் திறமை இருந்தது. முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போகும் குடும்பத்தில் அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்திருக்க முடியும்?

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கோயில் திருவிழாவோடு நின்றிருந்த கம்பு இன்று வேலைக்கான வழி ஆகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வழியில் போக அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நுழைவுக் கட்டணம், சீருடை, வெளியூர்ப் பயணச் செலவு வேண்டும். ஏரிக்கரையில் கற்றுக்கொடுக்கும் கொத்தனாரின் பெயர் எந்தப் பயிற்சியாளர் பட்டியலிலும் இல்லை. காலனிகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றிய கலைக்கு வேலை கிடைக்கும் காலத்தில், காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் வெளியே நின்றுவிடக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய தொகை இல்லை. அரசுப் பள்ளி மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் உள்ளூர் ஆசான்களுக்குத் திறந்துவிடுங்கள். அவர்களைக் கணக்கெடுத்துப் பயிற்சியாளர்களாகப் பதிவு செய்யுங்கள். சிறு மதிப்பூதியம் கொடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் போட்டிக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பும் பயிற்சியும் விடாமல் இருக்க விடுதியில் இடம் கொடுங்கள்.

பார்வையாளர்களாகிய நம்மிடமும் கேட்க ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு காலனிப் பிள்ளை மேடையில் கம்பு சுழற்றும்போது ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, "காலையில எத்தனை மணிக்கும்மா எழுந்திருக்கிற?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலுக்குக் கைதட்டுங்கள்.