குளிரில் ஒரு தூண்டில்

மீன் பிடிக்கும் வித்தையைப் பற்றி எழுதப் புகுந்தால், சைவ நேயர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே அபயம் அளித்து விடுகிறோம். இக்கட்டுரையில் வரும் மீன்களில் பெரும்பாலானவை சட்டிக்குப் போவதில்லை. தண்ணீருக்கே திரும்பி விடுகின்றன. அசைவ நேயர்களுக்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். ஆயினும் இரு சாராரும் தெரிந்துகொள்ளத்தக்க விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தூண்டில் போடுகிறவர்களின் செல்லப் பிள்ளை, பாஸ் என்னும் நன்னீர் மீன். நம் கடற்கரையில் அகப்படும் கொடுவாயையும் ஆங்கிலத்தில் அப்பெயரால் அழைப்பதுண்டு. ஆனால் பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அமெரிக்கப் பாஸில் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என்னும் இரண்டு இனங்கள் மிகப் பிரசித்தமானவை. முள் தைத்தவுடன் சரணாகதி அடைந்துவிடும் சுபாவம் இவற்றுக்கு இல்லை. ஜலத்துக்கு மேலே துள்ளிப் பாய்ந்து, தலையை உதறி, முள்ளைத் துப்பப் பார்க்கும். அந்தப் போராட்டத்துக்காகவே இவற்றை நாடிப் போகிறவர்கள் அநேகர்.

இந்த விளையாட்டில் செல்வத்துக்கும் பங்கு உண்டு. பாஸ் பிடிப்பதற்கென்றே அமைந்த விசைப் படகுகள் பல பதினாயிரம் டாலர் விலை பெறுகின்றன. நீருக்கடியில் மீன் நிற்குமிடத்தைத் திரையில் காட்டும் கருவிகளும் அவற்றில் உண்டு. இப்படியிருக்க, மார்கழி, தை மாதக் குளிரில், படகில்லாத ஒருவர் ஒரு கோலையும் இரண்டொரு இரைகளையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார் என்றால், அவரைப் பற்றி என்ன நினைப்பது? பைத்தியம் என்று சிலர் சொல்லலாம். உண்மையில் அவர் கைக்கொள்ளும் சாஸ்திரம் மிக நுட்பமானது.

நீர் வற்றும் ஏரி

டென்னஸி மாகாணத்தில் கிளிஞ்ச் நதியின் குறுக்கே நாரிஸ் அணை நிற்கிறது. 1933-ஆம் ஆண்டு தோன்றிய டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபை முதன் முதலாகக் கட்டிய அணை இது, 1936-இல் முடிந்தது. 1948-இல் நம் தேசத்தில் தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பரேஷன் ஏற்பட்டபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்ததும் இந்தச் சபைதான்.

நாரிஸ் நீர்த்தேக்கம் கோடையில் நிறைந்திருக்கும். குளிர்கால, வசந்தகால மழை வெள்ளத்துக்கு இடம் வைக்க வேண்டுமென்பதற்காக, இலையுதிர் காலத்திலிருந்து நீரை வெளியேற்றிக்கொண்டே வருவார்கள். ஜனவரி பிறக்கும் சமயம் மட்டம் சுமார் 20 அடி தாழ்ந்திருக்கும். கோடையில் படகு ஓடிய இடத்தில் குளிர்காலத்தில் கால்நடையாகவே போகலாம்.

இந்த நீரின் அடியில் ஒரு சோகமும் கிடக்கிறது. அணைக்காக 2,800-க்கு மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தன. அவர்கள் உழுத நிலமும் நடந்த பாதையும் மூழ்கிப் போயின. நீர்மட்டம் தாழும்போது பழைய சாலைத் தடமும், வீட்டின் அஸ்திவாரக் கற்களும், மரக்கட்டைகளும் ஆங்காங்கே தலை காட்டும். மனிதர் விட்டுப்போன கல்லும் கட்டையும் இப்போது மீனுக்குப் புகலிடம். படகுக்காரர் கருவியின் திரையில் பார்ப்பதைக் கரைக்காரர் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார். எந்தப் பாறை எங்கே செங்குத்தாக இறங்குகிறது, எந்தச் சாலை எந்த இடத்தில் ஆழத்துக்குள் புகுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், அந்த அறிவு அடுத்த கோடைக்கும் உதவும்.

மீனின் சிக்கனம்

மீன் தன் உடம்பில் உஷ்ணத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிராணியல்ல. சுற்றியுள்ள ஜலம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு அதன் உடம்பும் குளிர்ந்திருக்கும். உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் குறைந்தால், உடம்பின் காரியங்கள் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கோடையில் விரைவாக ஜீரணமாகும் இரை, குளிர்காலத்தில் சில நாட்கள் வரை வயிற்றிலேயே கிடக்கும்.

ஆகவே குளிர்காலத்துப் பாஸ், மாதக் கடைசியில் இருக்கும் குமாஸ்தாவைப் போன்றது. செலவுக்கு அஞ்சுகிறது. துரத்திப் பிடிப்பதில் செலவாகும் சக்தி, பிடித்த இரையினால் கிடைப்பதை விட அதிகமானால், அது அசையாமலே இருந்துவிடும். அது தூங்கிவிடுவதில்லை, பட்டினி விரதம் இருப்பதும் இல்லை. வாயருகே மெள்ள வந்து நிற்கும் இரையை மறுக்க மாட்டாது. கரையில் நிற்பவர் இந்தக் கணக்கை அறிந்து, தாமும் சிக்கனமாக நடக்க வேண்டும். அதுதான் வித்தையின் சாரம்.

முதலாவது, இடத்தில் சிக்கனம். ஏரி முழுவதும் சுற்றி அலைவதில் பயனில்லை. கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே ஆழம் தொடங்கும் செங்குத்துப் பாறைகளைத் தேட வேண்டும். மீன் ஆழத்துக்கும் மேல்நீருக்கும் இடையே அதிகம் நீந்தாமல் போய்வர அந்த இடம் வசதியானது. குளிர்காலச் சூரியன் அந்நாட்டில் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய வடகரைக்குத்தான் வெயில் அதிகம். கரும்பாறைகள் அந்த வெயிலை வாங்கிக்கொண்டு அருகிலுள்ள ஜலத்தையும் சற்றே சூடாக்கும். இரண்டொரு டிகிரி ஏறினாலும் மீனுக்குப் பசி எடுக்கக் காரணமாகும்.

இரண்டாவது, காலத்தில் சிக்கனம். குளிர்காலத்தில் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. நடுப்பகலும் பிற்பகலுமே நல்ல நேரம். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்த பிறகு, மழை மேகம் கூடும் பிற்பகல் இன்னும் சிறந்தது. குளிர் காற்று வீசி ஓய்ந்தபின் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாளில், வீட்டில் உட்கார்ந்து காப்பி அருந்துவதே விவேகம்.

மூன்றாவது, அசைவில் சிக்கனம். கிழக்கு டென்னஸியில் இதற்கென்றே ஒரு முறை உருவாகியிருக்கிறது. மத்தி மீனுக்குத் தூரத்து உறவான ஷாட் என்னும் சிறு மீன் அந்த ஏரிகளில் ஏராளம். அதில் ஓர் இனம் ஜலம் 5, 6 டிகிரிக்குக் குளிர்ந்தால் தாங்காமல் சோர்ந்து, துடித்துச் சாகும். அந்தச் சோர்ந்த மீனைப் போலத் தோன்றும்படி, ரோமத்தாலோ இறகாலோ கட்டிய இரண்டு கிராமுக்கும் குறைந்த இரையைத் தங்கூசியில் கோத்து, அதற்கு மேலே 8 முதல் 12 அடி வரை இடைவெளி விட்டுத் தக்கையைக் கட்டுகிறார்கள். அவ்வளவு நீளத்தைக் கரையிலிருந்து வீச வேண்டியிருப்பதால் கோல் 8, 9 அடி நீளமும் நல்ல வளைவும் உடையதாயிருக்கும். வீசியபின் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிற்றலை தக்கையை ஆட்டும். தக்கை இரையை ஆட்டும். மீன் கடித்தால் தக்கை எப்போதும் மூழ்காது. இரையைக் கவ்விய மீன் மேலே எழும்பினால் தக்கை படுத்துவிடும். அதைக் கவனியாதவர் நாள் முழுதும் நின்றாலும் வெறுங்கையோடு திரும்புவார்.

குளிரின் தண்டனை

சிக்கனம் கூடாத இடமும் ஒன்று உண்டு, அது எச்சரிக்கை. 5 டிகிரி குளிரில் உள்ள ஜலத்தில் ஒருவர் தவறி விழுந்தால், முதல் நிமிஷத்தில் மூச்சு திணறும். பத்துப் பதினைந்து நிமிஷங்களில் கை கால்கள் சொன்னபடி கேட்கமாட்டா. நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்கு அருகிலேயே மாண்டுபோவது இதனால்தான். நீர் வடிந்த சேற்றில் கால் புதையும். பாசி படிந்த பாறை வழுக்கும். ஆகவே தனியாகப் போகாமலும், மிதவைச் சட்டை அணிந்தும், மாற்றுடை ஒன்று கைவசம் வைத்தும் போவது அவசியம்.

கரு சுமக்கும் மீன்

குளிர்காலத்தில் பிடிபடும் பெரிய பாஸ் பெரும்பாலும் பெண். இலையுதிர் காலத்திலிருந்தே அதன் வயிற்றில் சினை வளர்ந்துகொண்டிருக்கும். வசந்தத்தில் ஜலம் சுமார் 15 டிகிரியை எட்டிய பின்பே முட்டையிடும். தாய் முட்டையிட்டுப் போய்விட, காவல் காப்பது தந்தை மீனின் கடமை. எனவே தை மாதத்தில் ஒரு மீனைக் கொல்வது பல சமயம் ஒரு தலைமுறையையே கொல்வதாகும்.

இந்த உண்மையை அமெரிக்கர்கள் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. சந்தையில் விற்பதற்காகக் கணக்கு வழக்கில்லாமல் பாஸைப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு மாகாணம் தடுத்தால் மீன் அடுத்த மாகாணத்துக்கு ரயிலேறிவிடும். 1926-இல் பாஸ் மீனுக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் செய்து, மாகாணச் சட்டத்துக்கு விரோதமாகப் பிடித்த மீனை எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுத்தார்கள். பிறகு 1972-இல், பந்தயங்களை நடத்தி வந்த ரே ஸ்காட் என்பவர், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைத் தம் பந்தயங்களில் புகுத்தினார். சட்டம் சாதிக்க முடியாத பலவற்றை அந்த வழக்கம் சாதித்தது.

திரும்ப விடுவதிலும் குளிர்காலத்துக்குத் தனி விதி உண்டு. உறைபனிக் காற்றில் மீனைத் தூக்கிப் பிடித்துப் புகைப்படத்துக்காகக் காத்திருந்தால், ஈரமான செவுளும் கண்ணும் உறைந்து ஊறுபடும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுவது உத்தமம். தூக்க வேண்டுமானாலும் சில விநாடிகளே போதும்.

ஒரு நாள் முழுதும் நின்று, ஒரே ஒரு மீனைப் பிடித்து, அதையும் விட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். சித்திரை பிறந்து அந்த ஏரி மறுபடி நிறையும்போது, பாறை இடுக்குகளில் குஞ்சுகள் மொய்க்கும். அவற்றில் சில, அவர் விட்டுவந்த மீனின் பிள்ளைகளாயிருக்கும். ஏரி பொதுச் சொத்து; நாளை அங்கே தூண்டிலோடு வரும் படகில்லாத சிறுவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவன் பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு வருகிறாரே, அதுதான் அவருடைய லாபம்.